எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் கசம் ஓடுமா?

பக்கத்து வீட்டு அண்ணைக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனை முடிவு வந்த அன்று பின்னேரம், அவருடைய தாய் எங்கள் படலையடிக்கு வந்தார். நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஊரில் வைத்தியரிடம் போகிற எந்தக் கேள்வியும் ஒருமுறை என் படலையையும் தட்டிவிட்டுத்தான் போகும்.

“தம்பி, அவனுக்கு எதிர்ப்புச் சக்தி காணாது. அதுதான் பிடிச்சிட்டுது. சக்தியைக் கூட்டிவிட்டால் ஓடிடுந்தானே?” என்றார். கையில் ஏற்கெனவே ஒரு ரொனிக் போத்தல்.

மாமியில் பிழை சொல்ல முடியாது. கொரோனா வந்து போனதிலிருந்து எதிர்ப்புச் சக்தி என்ற சொல் எல்லார் வாயிலும் கிடக்கிறது. இரணைமடுவில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று கேட்கிற மாதிரி, உடம்பில் சக்தி எத்தனை அடி நிற்கிறது என்று கணக்குப் பார்க்கிறோம். குறைந்தால் வருத்தம், கூடினால் சுகம். (2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டால், கூடினாலும் அழிவுதான் என்பார்கள்.) காசநோயில் இந்த நீர்மட்டக் கணக்கு சரிவராது. ஏன் சரிவராது என்று கண்டறிவதற்கே தங்கள் வாழ்நாளைக் கொடுத்த ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஜோஆன் பிளின் போன வழியைப் பிடித்துப் போனால் விஷயம் விளங்கும். அதற்கு முதல் ஒரு அடிப்படைச் சங்கதி.

கிருமி உள்ளே கிடப்பது வேறு, வருத்தம் வேறு

பழைய ஆட்கள் கசம், சயரோகம் என்பார்கள், கிளினிக்கில் ரீபி. எல்லாம் ஒன்றுதான். இதை உண்டாக்கும் பற்றீரியாவைக் கண்டுபிடித்ததாக றொபேட் கொக் 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் அறிவித்தார். மார்ச் 24 உலக காசநோய் தினமானது அதனால்தான். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கும். காற்றோட்டமில்லாத அறையில் அந்தக் காற்றைக் கனநேரம் சுவாசிப்பவருக்குத் தொற்றலாம். கோப்பை, கரண்டி, துவாய் வழியாகத் தொற்றாது. இதை மூன்று தரம் சொல்லியும் மாமி மகனின் தேத்தண்ணிக் கோப்பைக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார்.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி ஏதோ ஒரு காலத்தில் தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படித் தொற்றியவர்களில் தங்கள் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் 100 இல் 5 முதல் 10 பேர்தான். மற்றவர்கள் ஒருநாளும் இருமாமல், தங்களுக்குத் தொற்றியது தெரியாமலேயே இருந்துவிட்டுப் போகிறார்கள்.

காடு வெட்டிக் காணி திருத்திய தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தச் சிரமமில்லை. வெட்டிப் போட்டதை எரித்து முடித்த பிறகும் பாலை, முதிரைக் கட்டைகள் நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டு கிடக்கும். மேலே சாம்பல் மூடியிருக்கும், புகைகூடத் தெரியாது. சுற்றிவர மண்வெட்டியால் செருக்கி, சருகு சத்தை இல்லாமல் வைத்திருந்தால் அது தன்பாட்டில் கிடந்து அவியும். செருக்கின இடத்தில் புல் மண்டவிட்டு, ஒரு இரவு சோளகமும் எழும்பினால் பக்கத்துக் காணிவரை போய்விடும். நீறுபூத்த நெருப்பு என்று சொல்லிவைத்திருப்பது இதைத்தான். கிருமி உள்ளே உண்டு, அறிகுறி இல்லை, மற்றவருக்குப் பரவாது என்ற இந்த நிலையை மருத்துவத்தில் மறைநிலைத் தொற்று என்பார்கள்.

அண்ணைக்கு இதை யார் கொடுத்தது என்று வீட்டில் ஒரு விசாரணையே நடந்தது. கூட வேலை செய்தவன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் என்று பெயர்கள் விழுந்தன. தொற்றிய இரண்டொரு வருடத்துக்குள் நோய் கிளம்புவதுதான் கூட. ஆனாலும் பல வருடம் கிடந்து கிளம்புவதும் உண்டு. 2009 இல் முகாமில், ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத இரண்டு மூன்று குடும்பங்கள் படுத்தெழும்பிய காலத்திலேயேகூட அந்த மூச்சுக்காற்று அவருக்குள் போயிருக்கலாம். இதில் ஆள் பிடிக்க முடியாது.

கள்ளனை விழுங்கிய காவல்காரன்

நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் காவலுக்கு நிற்கும் கலங்கள் உண்டு. வந்த தூசியையும் கிருமியையும் அப்படியே விழுங்குவது அவற்றின் வேலை. பாடப்புத்தகத்தில் இவற்றுக்குத் தின்குழியங்கள் என்று பெயர். விழுங்கிய கிருமி கலத்துக்குள்ளே ஒரு சிறு பையில் அடைபடும். அமிலமும் நொதியங்களும் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு ஒட்டி ஒன்றாகும். கிருமி கரைந்துபோகும். அனேகமான கிருமிகளின் கதை அத்தோடு சரி.

காசநோய்க் கிருமி இந்த இரண்டு பைகளும் ஒன்றாவதைத் தடுத்துவிடும். லண்டனில் வேலை செய்த டார்சி ஹார்ட் என்பவரும் அவருடைய சகாவும் 1971 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதைக் கண்டார்கள். கிருமி அடைபட்ட பைக்குள்ளேயே குடும்பம் நடத்தத் தொடங்கும். கள்ளனைப் பிடித்துப் போட்ட சிறைக்கூடத்தில் கள்ளனே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி. அவசரமும் படாது. வயிற்றோட்டக் கிருமிகள் சில 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இது இரண்டாக ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும். சளியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கக் கிழமைக்கணக்காவது அதனால்தான்.

பிறகுதான் இரண்டாவது படை வருகிறது. ரீ-குழியங்கள் என்ற இந்த வெண்குழியங்கள், குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் அடையாளம் காணப் பழகியவை. அவை பெருகி நுரையீரலுக்கு வந்து சேர்வதற்கிடையில் சில கிழமைகள் போய்விடும். அவை கிருமியைத் தாங்களே கொல்வதைவிட, கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தின்குழியத்துக்கு ஒரு இரசாயனச் செய்தி அனுப்புவதுதான் முக்கியம். “எழும்பு, உனக்குள்ளே கிடக்கிறதைக் கொல்லு” என்ற செய்தி. அந்தச் செய்தியின் பெயர் இன்ரபெரோன் காமா.

கடைசியில், கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றித் தின்குழியங்களும் ரீ-குழியங்களும் நெருங்கி நின்று ஒரு சிறு முடிச்சாகும். வைத்தியர்கள் கிரனுலோமா என்பார்கள். நான் முடிச்சு என்றே சொல்கிறேன். கட்டையைச் சுற்றிச் செருக்கின வட்டம் இதுதான். ஒரு வித்தியாசம்: இந்த வட்டம் உயிருள்ளது. ஒவ்வொரு நாளும் புதுக் கலங்கள் வந்து நின்றால்தான் நிலைக்கும்.

இவ்வளவும் ஒரு மூச்சில்: காற்றோடு வந்த கிருமியைக் காவல் கலம் விழுங்குகிறது, கொல்ல முடியாமல் நிற்கிறது, உதவிப் படை வந்து உசுப்புகிறது, எல்லாம் சேர்ந்து கிருமியை வளைத்து முடிச்சுப் போடுகின்றன. பலருக்கு வாழ்நாள் முழுக்க அதுவே போதும்.

எலியிலிருந்து குரங்குக்கு

கலியாண வீட்டில் சமையலுக்கு நிற்கிற பெரியம்மா என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வராத ஒரு வீட்டில்தான் தெரியும். நிர்ப்பீடனவியலும், அதாவது உடலின் எதிர்ப்பு முறையைப் படிக்கும் துறையும், இதே வழியைத்தான் கையாள்கிறது: ஒரு ஆளைக் கழற்றிவிட்டு என்ன குழம்புகிறது என்று பார்ப்பது.

அமெரிக்கரான ஜோஆன் பிளின், பாரி புளூம் என்பவரின் நியூயோர்க் ஆய்வுகூடத்தில் சேர்ந்து காசநோய் ஆராய்ச்சிக்குள் வந்தவர். இன்ரபெரோன் காமாவை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி கட்டுக்கடங்காமல் பெருகியது. எலிகள் விரைவாகச் செத்தன. 1993 இல் இது வெளிவந்தபோது, அதே சஞ்சிகையின் அதே இதழில் இன்னொரு குழுவும் இதே முடிவைத் தனியாக எழுதியிருந்தது. 1995 இல் பிளின் ரீஎன்எவ் என்ற இன்னொரு செய்தியைக் கழற்றிப் பார்த்தார். அது இல்லாமலும் எலிகள் தப்பவில்லை.

எலிக் கணக்கு மனிதருக்கு உதவுமா என்ற கேள்விக்கு எதிர்பாராத திசையிலிருந்து பதில் வந்தது. மூட்டுவாதத்துக்கு ரீஎன்எவ்-ஐ அடக்கும் புது மருந்துகள் சந்தைக்கு வந்திருந்தன. அவற்றைப் பாவித்த சிலருக்குக் காசநோய் கிளம்பத் தொடங்கியது. 2001 இல் ஒரு மருத்துவக் கட்டுரை இப்படி 70 பேரைக் கணக்கெடுத்துச் சொன்னது. மூட்டு வலி குறைந்தது. ஆனால் முடிச்சைக் கட்டிவைத்திருந்த கயிறும் தளர்ந்துவிட்டது. இன்றைக்கு அந்த மருந்தைத் தொடங்க முதல் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று சோதிப்பது வழக்கம்.

ஆனால் எலிக்கு ஒரு குறை உண்டு. அதன் உடம்பில் நீறுபூத்த நெருப்பு நிற்பதில்லை. கிருமி போனால் மெல்ல மெல்ல நோய்தான். முடிச்சும் மனித முடிச்சு மாதிரி இறுக்கமாக இராது. அதனால் பிளின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மக்காக் குரங்குகளுக்கு மாறினார். எங்கள் தோட்டங்களில் ஒன்றையும் பழுக்கவிடாத செங்குரங்கின் நெருங்கிய சொந்தங்கள் அவை. மிகக் குறைந்த அளவு கிருமி கொடுத்தபோது ஏறக்குறையப் பாதிக் குரங்குகளுக்கு நோய் வந்தது. மற்றவை கிருமியை வளைத்துப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத் திரிந்தன. மனிதரில் நடப்பது அங்கேயும் நடந்தது.

குரங்கை உயிரோடு வைத்தே ஸ்கான் எடுத்து, நுரையீரலின் ஒவ்வொரு முடிச்சையும் அது பிறந்த நாளிலிருந்து பின்தொடர முடிந்தது. அதில் தெரிந்த ஒன்றுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 2014 இல் வெளிவந்த முடிவு இது: பெரும்பாலும் ஒரு முடிச்சு ஒரேயொரு கிருமியிலிருந்து தொடங்குகிறது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் ஒரு முடிச்சு கிருமியை முழுதாகக் கொன்று முடித்திருக்கும். பக்கத்து முடிச்சில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். நோய் முற்றிய குரங்கில்கூடச் சில முடிச்சுகள் வென்றிருந்தன.

உடம்பும் இரத்தமும் ஒன்று. நீர்மட்டக் கணக்குச் சரியென்றால் எல்லா முடிச்சும் ஒன்றாக வெல்ல வேண்டும், அல்லது ஒன்றாகத் தோற்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே விதைநெல், ஒரு வயல் விளைந்து வரம்புக்கு அங்கால் முழுக்கச் சப்பி என்றால், குளத்தின் மட்டத்தைக் கேட்டு என்ன பயன்? அந்த வயலுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால்

முடிச்சின் நடுப்பகுதியில் கலங்கள் செத்து, பாலாடைக்கட்டி மாதிரி ஒரு பசை சேரும். எதிர்ப்புக் கலங்களின் இரசாயனங்கள் அளவு மீறினால் அந்தப் பசை கரைந்து, சுற்றியுள்ள நுரையீரல் இழையமும் அரிபட்டு, ஒரு மூச்சுக்குழாயை உடைத்துக்கொண்டு திறக்கும். உள்ளே ஒரு பொந்து மிஞ்சும். எக்ஸ்-றேயில் வட்டமாகத் தெரிவது அதுதான். அந்தப் பொந்தில் காற்றுப் படக் கிருமி கோடிக்கணக்கில் பெருகி, இருமலோடு வெளியே கிளம்பும்.

அந்தப் பொந்தைத் தோண்டியதில் பெரும்பங்கு கிருமியுடையது அல்ல, நம்முடைய எதிர்ப்புப் படையுடையது. எச்.ஐ.வி. தொற்றால் ரீ-குழியங்கள் மிகவும் குறைந்துபோனவர்களுக்குக் காசநோய் வேகமாக உடம்பெங்கும் பரவும். ஆனால் நுரையீரலில் இப்படியான பொந்துகள் குறைவு. தோண்ட ஆளில்லை. இன்னொரு பக்கம், ரீ-குழியத்தின் பிரேக் போன்ற ஒரு புரதத்தை எலிகளில் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். பிரேக் இல்லாத படை கிருமியை விரட்டியடிக்கும் என்றுதானே நினைப்போம்? அந்த எலிகள் சாதாரண எலிகளைவிடக் கெதியாகச் செத்தன. சக்தி கூடியதுதான் அங்கே சாவுக்குக் காரணம்.

சிகிச்சை ஆறு மாதம் இழுபடுவதற்குக் காரணமும் இந்த முடிச்சுக்குள்தான் கிடக்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. பெருகுகிற கிருமி தொடக்கத்திலேயே அனேகமாகச் செத்துவிடும். இருமல் நிற்கும், சாப்பாடு பிடிக்கும். ஆனால் பசைக்குள் பெருகாமல் உறங்கும் கிருமியை மருந்து எட்டிப் பிடிக்க நாளாகும். இரண்டாம் மாதம் “எனக்குச் சுகம்” என்று குளிசையை நிற்பாட்டுகிறவர் அந்தக் கடைசிக் கிருமிகளைத்தான் விட்டுவைக்கிறார். அண்ணைக்கும் அந்த யோசனை வந்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது என்று பயந்துதான் வந்தார். அது மருந்தின் நிறம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

அப்போ கையில் போட்ட ஊசி?

இலங்கையில் பிறக்கும் பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகமுன் இடது கையில் பி.சி.ஜி. ஊசி போடுவார்கள். நம் எல்லார் தோளிலும் உள்ள அந்தத் தழும்பு. பிரான்சில் கால்மெற், கேரன் என்ற இருவர், மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை 13 வருடமாக 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, வலுவிழக்கச் செய்து உருவாக்கியது அது. முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தது 1921 இல்.

குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களை இது நன்றாகத் தடுக்கிறது. அதற்காக மட்டுமே போடலாம். பெரியவர்களின் நுரையீரல் நோய்க்கு வரும்போதுதான் ஏமாற்றம். 1968 இல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துத் தொடங்கிய பெரிய பரிசோதனை, பெரியவர்களுக்கு இந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை என்றே முடிந்தது. ஆகவே “ஊசி போட்டனான், எனக்கு வராது” என்பது 40 வயதில் செல்லாது.

பிளினின் பாதை இங்கே திரும்ப வருகிறது. ரொபேட் சீடர் என்பவரின் குழுவோடு சேர்ந்து, அதே பழைய பி.சி.ஜி.யைக் குரங்குகளுக்குத் தோலில் போடாமல் நாளத்தில் ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்துக் கிருமி கொடுத்தபோது 10 குரங்குகளில் 9 பாதுகாக்கப்பட்டன; 6 இல் தொற்றின் அடையாளமே அகப்படவில்லை. 2020 இல் வெளிவந்தது. தடுப்பு மருந்து அதேதான், போன வழி வேறு. அந்த வழியில் போனபோது ரீ-குழியங்கள் நுரையீரலுக்குள்ளேயே கூடுதலாகக் குடியேறியிருந்தன. மனிதருக்கு இப்போதே நாளத்தில் ஏற்றச் சொல்லவில்லை, அதற்குப் பாதுகாப்புக் கேள்விகள் உண்டு. மனிதரில் தூரம் போயிருப்பது எம்72 என்ற வேறொரு தடுப்பூசி. முந்திய பரிசோதனையில், ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்த பெரியவர்களில் நோய் வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இறுதிக்கட்டப் பரிசோதனை 2024 இல் தென்னாபிரிக்காவில் தொடங்கியது.

போத்தலுக்கு என்ன பதில்

மாமியின் போத்தலை முழுக்கத் தள்ளிவிடவும் ஏலாது, ஏனென்றால் சாப்பாட்டில் உண்மை இருக்கிறது. இந்தியாவின் ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு உலர் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது (2023). அங்கே பட்டினி இருந்தது, பட்டினி நீங்கியது. முடிச்சைச் சுற்றி ஒவ்வொரு நாளும் புதுக் கலம் நிறுத்த உடம்புக்கு அரிசி, பருப்பு, முட்டை வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் அதற்கு மேல் ரொனிக் குடிப்பதால் ரீ-குழியம் கெட்டிக்காரனாகாது.

உண்மையில் பார்க்க வேண்டிய இடம் வேறு. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் கிளம்பும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சுருட்டும் சாராயமும் அதைக் கூட்டும். அண்ணைக்குச் சீனி இருப்பது இந்தக் கிளினிக்கில்தான் முதன்முதலில் தெரியவந்தது. மாமி கொண்டுவந்த போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். முதல் சேர்மானம் சீனி.

கையில் ஒரு வட்டம்

வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். அண்ணையின் எட்டு வயது மகளுக்கு முன்கையில், தோலுக்குள் மட்டும் போகும்படி ஒரு சொட்டு மருந்து ஏற்றினார்கள். தோடம்பழத் தோல் மாதிரி ஒரு சின்னப் புடைப்பு எழும்பி அடங்கியது. இது மன்டூ பரிசோதனை. ஏற்றுவது கிருமி அல்ல, கிருமியிலிருந்து எடுத்த புரதம். கொக் 1890 இல் இதைக் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்து மாட்டிக்கொண்டார்; மருந்தாகத் தோற்றது பரிசோதனையாக இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கிருமியை முன்பு சந்தித்த ரீ-குழியங்கள் உடம்பில் இருந்தால், இரண்டு மூன்று நாளில் அவை அந்த இடத்தில் கூடித் தோலைத் தடிக்கச் செய்யும்.

மூன்றாம் நாள் தாதி அவளுடைய கையை மேசையில் வைத்து, குமிழ்முனைப் பேனாவை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லத் தள்ளினார். தடிப்பு முட்டின இடத்தில் பேனா நின்றது. மற்றப் பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவில் அடிமட்டத்தை வைத்தார்: 14 மில்லிமீற்றர். சிவப்பை அளப்பதில்லை, தடிப்பை மட்டும். எக்ஸ்-றேயில் ஒன்றுமில்லை, இருமல் இல்லை, நிறையும் குறையவில்லை. வைத்தியர் நோய் இல்லை என்றார். தடுப்புக்கு ஆறு மாதம் குளிசை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை விறாந்தையில் நின்று கேட்டாள், “எனக்கு வருத்தம் இல்லையெண்டால் ஏன் குளிசை?”

நான் மறைநிலைத் தொற்று என்று தொடங்கினேன். அவளுடைய அப்பப்பா, முத்தையன்கட்டுப் பக்கம் காடு வெட்டிக் காணி எடுத்தவர், கதிரையில் இருந்தபடி என்னை மறித்தார். “புகைக்காத கட்டையெண்டாலும் தண்ணி ஊத்திப்போட்டுத்தான் நாங்கள் வீட்டை வாறனாங்கள், பிள்ளை.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆறு மாதமுமோ ஊத்துறனீங்கள்?”